மரமாக இருந்து பாம்பான சொல்

‘கன்னிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை நான் நரியோடு சேர்த்துத்தான் கற்றேன். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பலருக்கும் அப்படித்தான் இருக்கும். பாட்டி சுட்ட வடையைக் காகம் கவ்விக்கொண்டு மரக்கிளையில் உட்கார, கீழே வந்து நின்று பாடச் சொல்லும் அதே நரி. டீச்சர் கரும்பலகையில் ‘கன்னிங் ஃபாக்ஸ்’ என்று எழுதி, அதற்கு எதிரே ‘தந்திரமுள்ள நரி’ என்று எழுதுவார். நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். அன்றோடு அந்தச் சொல்லுக்கு வால் முளைத்துவிட்டது. பிற்பாடு எங்கே அதைப் பார்த்தாலும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிளையை அண்ணாந்து பார்க்கும் நரிதான் முன்னால் வந்து நிற்கும்.

கல்லூரி நாட்களில் பாளையங்கோட்டையில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய பாட்டி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. குரோஷா பின்னலில் கை தேர்ந்தவர். மேசை, ரேடியோ, நாற்காலியின் முதுகு என்று வீட்டில் எங்கே திரும்பினாலும் வெள்ளை நூல் பின்னல் விரிப்பு. கண்ணாடி அலமாரியில் ஒரு சின்னக் குழந்தைக் குல்லாய்கூட இருந்தது. நண்பனுக்காக அவன் பிறப்பதற்கு முன்பே பின்னியது. நான் போவதற்குச் சில மாதங்கள் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது. அதை இடது கையால் லேசாகத் தட்டிவிட்டு, இந்தக் கை தன் ‘கன்னிங்’கை மறந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. கைக்கு ஏது தந்திரம்?

அது பைபிள் வாக்கியம் என்று நண்பன் பிறகு சொன்னான். பைபிளின் துதிப்பாடல்களில் 137ஆவது, 137ஆம் சங்கீதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்ட யூதர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். கின்னரங்களை மரங்களில் தொங்கவிட்டுவிட்டார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களோ, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்கிறார்கள். அப்போது வருகிறது அந்தச் சபதம்: எருசலேமே, உன்னை நான் மறந்தால் என் வலது கை தன் ‘கன்னிங்’கை மறக்கட்டும். 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பில், ‘என் வலதுகை தன் தொழிலை மறப்பதாக’.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மூலமான எபிரேயத்தில், கை எதை மறக்க வேண்டும் என்றே சொல்லப்படவில்லை. ‘என் வலது கை மறக்கட்டும்’ என்று வரி அந்தரத்தில் நிற்கிறது. ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ‘தன் கன்னிங்கை’ என்று தாங்களே சேர்த்தார்கள். சேர்த்ததை மறைக்கவும் இல்லை. மூலத்தில் இல்லாமல் தாங்கள் இட்ட சொற்களை வேறு வகை எழுத்தில் அச்சிடுவது அவர்கள் வழக்கம். இன்றும் கிங் ஜேம்ஸ் பதிப்புகளில் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் சாய்வெழுத்தில் இருப்பதைப் பார்க்கலாம். அதே வெற்றிடத்தில் தமிழ்க்காரர்கள் வைத்தது ‘தொழில்’. இரண்டு மொழியிலும், ஒரு கைக்கு மறந்துபோவதற்கு மிகவும் வலிக்கக்கூடியது எது என்று யோசித்துத்தான் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தக் கைப்பழக்கம்தான் இந்தக் ‘கன்னிங்’. சங்கீதத்தின் அடுத்த வரியிலேயே நாக்கும் வருகிறது: என் நாவு மேல்வாயோடு ஒட்டிக்கொள்ளட்டும் என்று.

ஆக, 1611இன் அந்த வரியில் சொல்லுக்கு வால் இல்லை. அதே மொழிபெயர்ப்பை மேலும் புரட்டினால் வால் இல்லாத இடங்கள் இன்னும் கிடைக்கும். இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளில் கேருபீன்கள் என்ற சிறகுள்ள தேவதூதர்களை நெய்வது ‘கன்னிங்’ வேலை; தமிழில் ‘விசித்திர வேலை’. சவுல் ராஜாவுக்காகத் தேடப்பட்டவன் சுரமண்டலம் வாசிப்பதில் ‘கன்னிங்’ ஆனவன். தமிழில் ‘தேறின ஒருவன்’. ஏசா ஒரு ‘கன்னிங்’ வேட்டைக்காரன். தமிழில் ‘வேட்டையில் வல்லவன்’.

இந்த ஏசா விஷயம்தான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பசியோடு வந்த அண்ணனிடம் ஒரு வேளைக் கூழைக் காட்டி, மூத்த பிள்ளையின் உரிமையைச் சத்தியம் செய்து கொடுக்கவைத்து வாங்கிக்கொண்டவன் தம்பி யாக்கோபு. கண் மங்கிய அப்பாவிடம், கைகளில் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு போய், அண்ணனாக நடித்து ஆசீர்வாதத்தைத் தட்டிக்கொண்டவனும் அவனே. இன்றைய பொருளில் அந்த வீட்டில் ‘கன்னிங்’ ஆள் யார் என்று கேட்டால் ஒரு குழந்தைகூட யாக்கோபைக் காட்டும். ஆனால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது இரண்டு முறையும் ஏமாந்த ஏசாவின் பெயரோடு.

அப்படியானால் ஏதேன் தோட்டத்துப் பாம்பு? 1611இல் அது ‘கன்னிங்’ இல்லை. அதற்கு ‘சட்டில்’ என்று லத்தீன் வழி வந்த ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய நம் ‘சூட்சுமம்’. 1982இல் முழுமையாக வெளிவந்த ‘நியூ கிங் ஜேம்ஸ்’ பதிப்பை எடுத்துப் பாருங்கள். இடமாற்றம் முடிந்திருக்கிறது. ஏசா ‘ஸ்கில்ஃபுல்’ வேட்டைக்காரன் ஆகிவிட்டான். வலது கை மறப்பது ‘ஸ்கில்’. ‘கன்னிங்’ என்ற சொல் பாம்பிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பின்னோக்கிப் போனால் இதைவிட வியப்பு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜான் விக்ளிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில பைபிள் உருவானது. தோட்டத்தின் நடுவில் நின்ற ‘நன்மை தீமை அறியத்தக்க விருட்சம்’ இருக்கிறதே, அதை அவர்கள் ‘நன்மை தீமையின் கன்னிங் மரம்’ என்றே எழுதினார்கள். அன்றைக்கு ‘கன்னிங்’ என்றால் அறிவு, கல்வி, அவ்வளவுதான். ஒரே தோட்டம், ஒரே கதை. அதற்குள் மரமாக நுழைந்த சொல் சுமார் 600 ஆண்டுகளில் பாம்பாகிவிட்டது.

எபிரேய மூலமும் இந்த விஷயத்தில் சளைத்ததல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாம்புக்கு அங்கே சொல்லப்படும் ‘ஆரூம்’ என்ற அடைமொழி பைபிளின் இன்னொரு நூலான நீதிமொழிகளில் பாராட்டாக வருகிறது. பாம்பின் கதை வரும் ஆதியாகமத்தில் அதற்குத் தமிழ் ‘தந்திரமுள்ளது’. நீதிமொழிகளில் அதே சொல்லுக்குத் தமிழ் ‘விவேகி’. பாம்பு என்றால் தந்திரம், மனிதன் என்றால் விவேகம்.

இனி வேரைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் நாளைக்கு நூறு தடவை வாயில் வரும் ‘கேன்’, அதாவது முடியும் என்ற பொருளில் வரும் துணைவினை, ‘கன்னிங்’குக்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் தாய் பழைய ஆங்கிலத்தின் ‘குன்னன்’. அதன் பொருள் முடிவது இல்லை, அறிவது. அறிவதிலிருந்து முடிவதற்கு எப்படிப் போனது என்று ஆங்கிலக்காரருக்கு விளக்க நாலு பக்கம் எழுத வேண்டும். தமிழருக்கு ஒரு வாக்கியம் போதும். ‘எனக்கு நீந்தத் தெரியும்.’ நீந்த முடியும் என்பதைத்தான் தெரியும் என்கிறோம். சமைக்கத் தெரியும், சைக்கிள் ஓட்டத் தெரியும், வாசிக்கத் தெரியும். செய்யத் தெரிந்தால் செய்ய முடியும் என்பது அந்த வினைக்குள்ளேயே அடக்கம். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘எனக்கு ஜெர்மன் தெரியும்’ என்பதற்கு இந்தக் ‘கேன்’ வினையின் உறவுக்கார வினையையே தனியாகப் போடுகிறார்கள். கலைக்கு அவர்கள் வைத்திருக்கும் ‘குன்ஸ்ட்’ என்ற சொல்லும் அதே வினையில் பிறந்தது.

ஆங்கிலத்தில் ‘நோ’ என்று உச்சரித்து, முன்னால் ஒரு ‘கே’ எழுத்தைச் சும்மா எழுதச் சொல்லி நம்மைப் படுத்துகிறார்களே, அறிவதைக் குறிக்கும் அந்த வினையும் இதே குடும்பம். அந்தக் ‘கே’ ஒரு காலத்தில் வாயில் ஒலித்த எழுத்துதான். ‘கன்னிங்’கின் முதலெழுத்தும் அதுவும் ஒரே விதையில் முளைத்தவை. குடும்பம் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. சம்ஸ்கிருதத்தின் ‘ஜ்ஞா’ என்ற வேர் இவற்றோடு ஒன்று. சம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் பேசினார். இந்தக் குடும்பத்தின் மூலமொழியில் ‘அங்கம்’ என்பதில் வருவதுபோன்ற மென்மையான ‘க’ இருந்த இடத்தில், ஆங்கிலம், ஜெர்மன் போன்ற ஜெர்மானிய மொழிகளில் ‘கல்’ என்பதில் வரும் வல்லின ‘க’ நிற்கும் என்ற ஒழுங்கை 1822இல் யாக்கோப் கிரிம் விரித்து எழுதினார். தேவதைக் கதைகள் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர்தான். அந்த ஒழுங்கின்படி சம்ஸ்கிருத ‘ஜன’ ஆங்கிலத்தில் உறவினரைக் குறிக்கும் ‘கின்’ ஆகிறது. முழங்காலைக் குறிக்கும் ‘ஜானு’, ஊமைக் ‘கே’ போட்டு எழுதும் ‘னீ’ ஆகிறது. ‘ஜ்ஞா’வின் வாரிசுகள் வடமொழி வழியாக நம்மிடமும் வந்திருக்கிறார்கள்: ஞானம், விஞ்ஞானம், பிரக்ஞை, ஆக்ஞை. அப்படிப் பார்த்தால் நரியின் ‘கன்னிங்’கும் சித்தர்களின் ஞானமும் ஒன்றுவிட்ட உறவு. ஞானம் இங்கே மலையேறிக் குகையில் உட்கார்ந்துகொண்டது. அதன் ஆங்கில உறவுக்காரர் மரத்தடியில் வடைக்காக நிற்கிறார்.

எப்படிச் சறுக்கியது? தமிழிலேயே இதற்கு ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ‘அவர் விஷயம் தெரிந்தவர்’ என்றால் மரியாதை. ‘நெளிவு சுளிவு தெரிந்தவர்’ என்றால் மரியாதையோடு ஒரு கண்சிமிட்டல். ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்றால்? அதைச் சொல்லும்போது உதடு கோணுகிறது. வினை ஒன்றுதான், தெரிவது. ஏச்சு சொல்லில் இல்லை. சொல்பவரின் குரலில் இருக்கிறது. அந்தக் குரல் பல தலைமுறைக்கு ஒரு சொல்லோடு ஒட்டிக்கொண்டால், அகராதி அதைப் பொருள் என்று எழுதிக்கொள்ளும். ‘கைகாரி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலையில் கெட்டிக்காரி என்றும் கொள்ளலாம், ஆளை விழுங்குகிறவள் என்றும் கொள்ளலாம். அது இன்னும் வழியில் இருக்கிறது, ஊர் போய்ச் சேரவில்லை.

ஆங்கிலத்தில் அந்தக் குரலைத் தேதி போட்டுக் காட்டும் சாட்சி, தத்துவவாதியும் கட்டுரையாளருமான பிரான்சிஸ் பேகன். கிங் ஜேம்ஸ் பைபிள் வெளிவந்தது 1611. அடுத்த ஆண்டே, 1612இல், பேகன் தன் கட்டுரைத் தொகுப்பின் புதிய பதிப்பில் ‘கன்னிங்’ பற்றி ஒரு கட்டுரை சேர்த்தார். எடுத்த எடுப்பில் சொல்கிறார்: அது கோணலான ஞானம். கெட்டிக்காரனுக்கும் ஞானிக்கும் உள்ள வேறுபாடு நேர்மையில் மட்டுமல்ல, திறமையிலும்தான் என்கிறார். சீட்டைத் தனக்கு வசதியாக அடுக்கத் தெரிந்த சிலருக்கு ஆட்டம் ஆடத் தெரியாது என்று ஓர் உவமையும் போடுகிறார். இதைவிடக் கூர்மையாக அந்தக் குணத்தைப் பற்றிச் சொன்னவரை நான் படித்ததில்லை. பிறகு நாளும் பார்த்த ஆட்களை வரிசையாக நிறுத்துகிறார். ஒருவர் கடிதம் எழுதினால் முக்கியமான விஷயத்தைப் பின்குறிப்பில், ஏதோ மறந்துபோய் நினைவுக்கு வந்ததுபோல் எழுதுவாராம். எலிசபெத் ராணியிடம் கையெழுத்துக்குக் காகிதங்கள் கொண்டுபோகும் இன்னொருவர், முதலில் பெரிய ராஜ்ய விவகாரம் ஒன்றைப் பேசி ராணியின் மனத்தை அங்கே இழுத்துவிட்டுத்தான் காகிதத்தை நீட்டுவாராம். இன்றைக்கும் நம் அலுவலகங்களில் கோப்பு நகரும் விதம் இதுதான் என்று யாருக்காவது தோன்றினால் அதற்கு நான் பொறுப்பில்லை. இத்தனையும் எழுதிய பேகன் பின்னாளில் நாட்டின் நீதித்துறைத் தலைமைப் பதவியான லார்ட் சான்சலர் ஆகி, 1621இல் லஞ்சக் குற்றச்சாட்டில் பதவி இழந்தார்.

ஓராண்டு இடைவெளியில் ஒரு புத்தகத்தில் பாராட்டு, இன்னொன்றில் வசை. முரண்பாடு போலத் தோன்றினாலும் காரணம் எளிது. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இடப்பட்ட உத்தரவு, முந்தைய பதிப்பைக் கூடியவரை மாற்றாமல் பின்பற்றுங்கள் என்பது. அந்த முந்தைய பதிப்புகளோ 1530களில் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டின்டேலின் நடையில் ஊறியவை. அதாவது 1611இன் பைபிள் பேசியது தாத்தா காலத்து ஆங்கிலம். பேகன் எழுதியது தெருவிலும் அரண்மனையிலும் அன்று காதில் விழுந்த ஆங்கிலம். அந்தக் கட்டத்தில் சொல் இரண்டு பக்கமும் ஊசலாடியதை ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ ஒரே நாடகத்துக்குள் காட்டிவிடுகிறது. மனைவியைச் சந்தேகித்துத் திட்டும்போது நாயகன் ஒத்தெல்லோ அவளுக்குப் போடும் அடைமொழி ‘கன்னிங்’. அடுத்த அங்கத்தில், தூங்கும் அவளைக் கொல்ல வந்து நிற்கும்போது, இயற்கை வார்த்தெடுத்த தலைசிறந்த அச்சு நீ என்று உருகுகிறான். அந்தத் தலைசிறந்த என்பதற்கும் அவனுக்குக் கிடைத்த சொல் அதுவே.

சொல் சரிந்ததில் கிராமங்களுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் ‘கன்னிங் மேன்’, ‘கன்னிங் உமன்’ என்று ஆட்கள் இருந்தார்கள். பொருள் தொலைந்தால், மாடு நோயில் விழுந்தால், பக்கத்து வீட்டுக்காரி கண் வைத்துவிட்டாள் என்று சந்தேகம் வந்தால் இவர்களிடம் போவார்கள். திருடனைக் கண்டுபிடிக்க ஒரு முறை: பைபிளுக்குள் ஒரு சாவியை வைத்துக் கட்டி, சாவியின் வளையத்தை விரல் நுனிகளில் தாங்கிக்கொண்டு, சந்தேகப்பட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வது. எந்தப் பெயருக்குப் புத்தகம் திரும்புகிறதோ அவன்தான் ஆள். வெற்றிலையில் மை தடவிப் பார்க்கும் ஊரிலிருந்து வருகிற நமக்கு இது விநோதமாகத் தோன்றாது. எசெக்ஸ் மாவட்டத்து ஹாட்லி கிராமத்தில் ஜேம்ஸ் மரெல் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி இருந்தார். ‘கன்னிங் மரெல்’ என்றால் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். செய்வினையை எடுக்க, பாதிக்கப்பட்டவரின் தலைமயிரும் நகமும் மூத்திரமும் போட்டு இரும்புக் குப்பியை அடுப்பில் வைத்துச் சூடேற்றுவார். 1860இல்தான் இறந்தார். ரயில் ஓடிக்கொண்டிருந்த இங்கிலாந்து அது.

இப்படிப்பட்ட ஆட்களிடம் ஊருக்கு என்ன உணர்ச்சி இருக்கும்? தேவை இருக்கும், பயமும் இருக்கும். ராத்திரி கதவைத் தட்டிக் கூப்பிடுவார்கள், பகலில் கண்டால் ஒதுங்குவார்கள். படித்தவர்களுக்கோ இவர்கள் வெறும் ஏமாற்றுக்காரர்கள். 1736இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சூனியம் என்று ஒன்று உண்டு என்பதை விட்டுவிட்டு, அது தனக்குத் தெரியும் என்று பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கியது. குறி சொன்னாலோ, திருட்டுப் பொருளைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்னாலோ ஓராண்டுச் சிறை. அதாவது அறிவு என்ற பெயரைத் தாங்கியிருந்தவர்களைப் பார்த்து, உனக்குத் தெரியாது, தெரிந்ததாக நடிக்கிறாய் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது.

சரிவுக்கு நான் நம்பும் இன்னொரு காரணம் இன்னும் சாதாரணமானது. நாற்காலிகள் நிரம்பிவிட்டன. 1066இல் நார்மன்கள் வந்து ஆண்ட பிறகு பிரெஞ்சும் லத்தீனும் கல்விக்கூடத்தையும் அரண்மனையையும் எடுத்துக்கொண்டன. ஏட்டறிவுக்கு ‘சயன்ஸ்’ வந்தது, கலைக்கு ‘ஆர்ட்’ வந்தது. வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் விட்டுச்சென்ற ‘ஸ்கில்’ கைத்திறனைப் பிடித்துக்கொண்டது. கௌரவமான இருக்கைகளில் எல்லாம் ஆள் உட்கார்ந்த பிறகு, உள்ளூர்க் ‘கன்னிங்’குக்கு மிஞ்சியது திண்ணைதான். திண்ணையில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி உள்ளே இருப்பவர்கள் நல்லதாகப் பேசுவது அபூர்வம்.

அண்டை வீட்டிலும் இதே கதை. ‘கிராஃப்ட்’ பழைய ஆங்கிலத்தில் வலிமை, ஆற்றல். 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் அரசர் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பில், லத்தீனில் நற்பண்பைக் குறிக்கும் சொல்லுக்கே இதைப் போட்டார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றும் ஆற்றல் என்ற பொருளைக் கைவிடவில்லை. மின் நிலையம் அவர்களுக்குக் ‘கிராஃப்ட்வெர்க்’. ஆங்கிலத்தில் மட்டும் வலிமை திறமையாகி, திறமையிலிருந்து ‘கிராஃப்டி’ என்று ஒரு நரிக்குட்டி பிறந்தது. கைவித்தைக்காரர்களோடு ஒட்டிக்கொண்ட ‘ஸ்லைட்’ என்ற சொல்லும், அதன் உடன்பிறந்த ‘ஸ்லை’யும் வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தவை; ‘ஸ்லை’ ஒரு காலத்தில் புத்திசாலியையும் குறித்தது. பைபிளில் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், மனிதர்களின் வஞ்சகத்தைச் சொல்லும் ஒரே வசனத்தில், கிங் ஜேம்ஸ்காரர்கள் ‘ஸ்லைட்’, ‘கன்னிங்’, ‘கிராஃப்டி’ மூன்றின் வடிவங்களையும் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ‘ஸ்லைட்’ இருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது தாயக்கட்டை ஆட்டத்தைக் குறிக்கும் சொல். தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே ‘சூது’ என்கிறது. மூலத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் பக்கத்தில் நிற்கிறது. பாண்டவர்களின் கதை கேட்டு வளர்ந்த மொழிக்கு அந்தச் சொல்லைத் தேட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

‘இன்ஜின்’ வந்த வழி இதைவிட அழகு. லத்தீனில் பிறவிப் புத்தியைக் குறித்த சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது சாமர்த்தியம், சூழ்ச்சி, கண்ணி, கோட்டையை உடைக்கும் யந்திரம் எல்லாமாக இருந்தது. தலை தேய்ந்து ‘ஜின்’ ஆகி, எலியையும் முயலையும் பிடிக்கும் பொறியாயிற்று; 1793இல் எலி விட்னி அமெரிக்காவில் உருவாக்கிய பஞ்சு பிரிக்கும் ‘காட்டன் ஜின்’ பெயரில் இருப்பதும் அந்த மிச்சம்தான். நம் ‘பொறி’யை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எலிப்பொறியும் பொறிதான், சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலின் மேல் நிற்கும் போர்க்கருவிகளும் பொறிதான், பொறியியல் கல்லூரியும் அதே பொறிதான். ஒன்றையொன்று கேட்காமலே இரண்டு மொழிகள் யந்திரத்துக்கும் கண்ணிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன.

சொற்கள் கெடுவதற்குத் தமிழில் ‘நாற்றம்’ எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு, அதை விட்டுவிடுகிறேன். ‘சூழ்ச்சி’ நம் விஷயத்துக்கு இன்னும் பொருத்தம். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று வள்ளுவர் வினைசெயல்வகையைத் தொடங்கும்போது அது ஆலோசனை. எல்லாப் பக்கமும் சூழ்ந்து நின்று ஒரு காரியத்தை யோசிப்பது. இன்று ஒருவரைப் பார்த்து, நன்றாகச் சூழ்ச்சி செய்கிறீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். ‘தந்திரம்’ இன்னும் நீண்ட பயணம் வந்தது. வடமொழியில் அது தறியோடும் பாவு நூலோடும் சேர்ந்த சொல். நூல் இழையிலிருந்து எழுதும் நூலுக்கும், அதிலிருந்து முறைக்கும் உபாயத்துக்கும் வந்தது. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் பெயர் தந்திரம்தான். முதல் தந்திரம், இரண்டாம் தந்திரம் என்று எண்ணிப் படிக்கும்போது யாரும் திருமூலரைச் சந்தேகிப்பதில்லை. ஆக, அன்று டீச்சர் கரும்பலகையில் எதிரெதிரே எழுதிய இரண்டு சொற்களும் கல்விக்கூடத்திலிருந்தே வந்தவை. இரண்டும் தனித்தனி வழியாக வந்து ஒரே நரியிடம் சிக்கியிருக்கின்றன.

எல்லாச் சொல்லும் கீழேதான் போகும் என்றும் இல்லை. அழகு என்ற பொருளில் நாம் அறிந்த ‘பிரிட்டி’ பழைய ஆங்கிலத்தில் தந்திரக்காரனுக்கு வைத்த பெயர். ‘ஷ்ரூட்’ கெட்டவனில் தொடங்கி இன்று பங்குச் சந்தைக்காரருக்குப் பாராட்டாக நிற்கிறது. ‘அக்யூட்’டின் தலையை வெட்டிப் பிறந்த ‘க்யூட்’ முதலில் கூர்ப்புத்திக்காரனைக் குறித்தது. இப்போது நாய்க்குட்டிப் படங்களுக்குக் கீழே வாழ்கிறது. ‘குவெய்ன்ட்’ என்று பழைய வீடுகளையும் சந்துகளையும் ரசித்துச் சொல்கிறார்களே, அதன் முதல் பொருள் தெரிந்தது, தேர்ந்தது. லத்தீன் வழியாக அதுவும் அந்த ‘ஜ்ஞா’ குடும்பத்துப் பிள்ளை.

‘கன்னிங்’குக்கும் ஒரே ஒரு இடத்தில் அந்த அதிர்ஷ்டம் அடித்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குழந்தைகளையும் சின்னச் சின்னப் பொருள்களையும் கொஞ்சிச் சொல்ல அந்தச் சொல் பழக்கத்தில் இருந்தது. ஏறக்குறைய இன்றைய ‘க்யூட்’டின் இடம். பாளையங்கோட்டை வீட்டுக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்மணி ஒருவர் வந்து நின்றிருந்தால், உள்ளங்கை அளவுள்ள அந்தக் குல்லாயைப் பார்த்து ‘கன்னிங்’ என்றுதான் சொல்லியிருப்பார்.